தஞ்சாவூர் அரண்மனை யாருடையது?

மயூர் விஹார் தமிழ்க் குடும்பங்களோட ஆல்பத்தைப் புரட்டினா ஜெய்ப்பூர் சிட்டி பேலஸ் போட்டோ ஒண்ணாவது கட்டாயம் இருக்கும். நியாயம்தான். மூணு நாள் லீவு சேர்ந்தா போதும், காலைல கிளம்பினா மத்தியானம் அங்கே. சந்திர மஹாலில் ராஜ குடும்பம், மீதியில் மியூசியம். 1902-ல் மாதோ சிங் லண்டனுக்குக் கங்கை ஜலம் கொண்டுபோன ஆளுயர வெள்ளிக் குடங்களைப் பசங்க வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்க்கும். ஒவ்வொண்ணும் 345 கிலோவாச்சே!

அதே பசங்க கோடை லீவுக்குத் தஞ்சாவூர் போனா? பெரிய கோயில், அப்புறம் அத்தை வீடு. அவ்வளவுதான். கூப்பிடு தூரத்தில் இருக்கிற அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போறதில்லை. கேட்டா, "அது மராட்டிக்காரங்களோடது, நம்மளோடது இல்லையே"ன்னு ஒரு பதில் வரும். வெயில், அலைச்சல்னு சொன்னாக்கூட ஒத்துக்கலாம். இந்தப் பதிலைத்தான் என்னால ஒத்துக்க முடியலை.

டெல்லில மூணு தலைமுறையா வீடு வாங்கி, கோயில் கட்டி உட்கார்ந்திருக்கிற நாம சொல்ற பேச்சா இது? நாயக்கர் கட்டின அரண்மனை. 1670களில் பீஜப்பூர் தளபதியா வந்த ஏகோஜி, சத்ரபதி சிவாஜிக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி, அங்கேயே தங்கிட்டார். வம்சம் 1855 வரை. வீட்டில் மராத்தி, சபையில் தெலுங்கும் சமஸ்கிருதமும், வெளியே தமிழ். நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேஜைல மட்டும் என்ன வாழுதாம் :)

இரண்டாம் சரபோஜியை எடுத்துக்குங்க. 1799-ல் கம்பெனி ராஜ்யத்தை வாங்கிட்டு, கோட்டையையும் சுத்துப்பட்டையும் மட்டும் அவருக்கு விட்டுது. வேற ஆளா இருந்தா வேட்டையும் விருந்துமா பொழுதைக் கழிச்சிருப்பார். இவர் காசி யாத்திரை போனப்பக்கூட சுவடி சேர்த்தார். தன்வந்திரி மஹால் வச்சு வைத்தியம் பார்க்க ஏற்பாடு பண்ணினார். கண் நோயாளிகளோட கண்ணை வர்ணத்தில் வரைஞ்சு, சிகிச்சையையும் எழுதிவச்ச ஏடுகள் இன்னும் இருக்கு. அவர் வளர்த்த சரஸ்வதி மஹால் 1918-ல் பொதுநூலகம் ஆச்சு. 1951-ல் கலைக்கூடம் வந்தது. சோழர் காலச் செப்புத்திருமேனிகளுக்காகவே அரை நாள் ஒதுக்கலாம். அங்கே தர்பார் மண்டபத்தில் சரபோஜியே பளிங்குச் சிலையா நிக்கிறார்.

ஜெய்ப்பூர் அளவுக்கு மினுமினுப்பு கிடையாது. கலைக்கூடம், நூலகம், ராஜ குடும்பத்து மியூசியம்னு ஒரே வளாகத்தில் தனித்தனி ராஜ்யம் வேற. கொஞ்சம் பொறுமை வேணும்.

பெரிய கோயிலுக்கு எப்படியும் போகத்தானே போறீங்க? அங்கே தென்மேற்குப் பக்கச் சுவர்ல 1803-ல் சரபோஜி வெட்டிவச்ச போன்ஸ்லே வம்ச வரலாறு இருக்கு. மராத்தி, தேவநாகரி எழுத்து. தமிழ் போர்டு படிக்கத் தடுமாறுற நம்ம டெல்லிப் பசங்க அதை எழுத்துக்கூட்டிப் படிச்சிடும்.