கோபுரம் நடுமுன் கேளுங்கள்

நெய்வேலிக்கு அருகிலுள்ள மங்கலம்பேட்டை வட்டாரத்தில் உயர் அழுத்த மின்கோபுரம் யாருக்கும் புதிதல்ல. 400 கிலோவோல்ட் தடம் என்றால் சுமார் 46 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். அதற்குள் ஒரு வேம்பும் அதன் அடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்களும் இருந்தால், அளக்க வருகிறவர் கணக்கில் அது ஒரு மரம். அங்கு வாழும் இருளர் பழங்குடியினருக்கோ அது கன்னிமார் கோயில். 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, வனப்பகுதியில் பண்பாட்டு மரபைக் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குத் தருகிறது. ஊருக்கு வெளிச்சம் தரும் சிறிய மின்தடத்துக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலம் எடுத்தாலும் கிராமசபையின் பரிந்துரை வேண்டும். ஆனால் நெடுந்தூர மின்தடங்களுக்குக் கிராமசபை ஒப்புதல் தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2013 பிப்ரவரியில் சுற்றறிக்கை விட்டது. சிறியதற்குக் கட்டுப்பாடு, பெரியதற்குச் சலுகை என்பது அநியாயம். அந்தச் சுற்றறிக்கைகூட, மிகவும் நலிந்த பழங்குடிகளின் உரிமை பாதிக்கப்படும் இடத்தில் சலுகை தரவில்லை. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் அத்தகைய பழங்குடிகள் பட்டியலில் உள்ளன. அதே 2013-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்று 12 கிராமசபைகளிடம் கேட்டார்கள். பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன, மலை பிழைத்தது. ஆனால் சமவெளிப் புறம்போக்கில் வாழும் இருளருக்கு வனச் சட்டத்தின் துணையும் கிடையாது. மின்சாரம் எல்லோருக்கும் வேண்டும்தான். வரைபடத்தில் இருக்கும்வரை கோபுரத்தை நகர்த்துவது எளிது. கான்கிரீட் போட்டபின் முடியாது. ஆகவே அளவுக் கல் நடும் முன்பே தடம் செல்லும் இடத்துக் குடியிருப்பின் பெரியவர்களை உடன் அழைத்துப்போய், வழிபாட்டு இடங்களையும் இடுகாடுகளையும் வரைபடத்தில் குறிப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.