தாம்பரம் பக்கம் வீடு வாங்குறீங்களா? மெட்ரோவுக்கு முன்னாடி மழைத்தண்ணியைப் பற்றி விசாரிங்க!

பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர், ஊரப்பாக்கம்... இந்தப் பக்கம் எந்த மனை விளம்பரத்தைப் பார்த்தாலும் கிளாம்பாக்கம் எத்தனை நிமிஷத்தில் என்ற கணக்கு இருக்கும். டிசம்பரில் அந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணி நின்றது என்ற கணக்கு மட்டும் இருக்காது. 20 வருஷம் இஎம்ஐ கட்டப் போகிறவருக்கு இரண்டுமே தெரிய வேண்டும்.

ஏன் இவ்வளவு டிமாண்ட்?

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. விமான நிலையத்திலிருந்து அங்கே வரை சுமார் 15.5 கி.மீ. மெட்ரோ நீட்டிப்புத் திட்டமும் இருக்கிறது. நகருக்குள் வாங்க முடியாதவர்கள் மின்சார ரயிலை நம்பி இங்கே வருவது இயல்புதான்.

தண்ணீர் எங்கே போகும்?

2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே ஏரியாக்களில் வெள்ளம். கிளாம்பாக்கம் முனையம் திறந்தது அதற்கு நான்கு வாரத்துக்குள்தான்! விலையைப் பேசும்போது முனையம் நினைவுக்கு வருகிறது, வெள்ளம் வருவதில்லை.

கிழக்குப் பக்கம் கதை வேறு. சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். அந்த வழியில் லேஅவுட் போட்டால், தண்ணி தெருவுக்குத்தான் வரும்.

வாங்கும் முன்...

* மழைக்காலத்தில் ஒருமுறை, மே மாதம் ஒருமுறை நேரில் போங்க. புரோக்கரிடம் கேட்காமல் தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்க: 2015-ல், 2023-ல் தண்ணி எதுவரை வந்தது? எத்தனை நாள் கரண்ட் இல்லை? கோடையில் லாரித் தண்ணியா?
* அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டாவோடு புல வரைபடத்தையும் பாருங்க. பக்கத்து சர்வே எண் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் உஷார்.
* 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரங்களோடு வக்கீலிடம் காட்டுங்க.
* ரெரா பதிவு பெற்ற திட்டம் என்றால், விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சின்ன அபார்ட்மென்ட்களுக்கு ரெரா விலக்கு உண்டு. அங்கே இரட்டிப்புக் கவனம் தேவை.
* மனை, பழைய வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 40 லட்சம் என்றால் 3.6 லட்சம் ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

ஏற்கெனவே வீடு இருக்கா?

* மோட்டார், மெயின் போர்டு, இன்வெர்ட்டர் மூன்றையும் 2023 வெள்ளக் கறைக்கு மேலே ஏற்றுங்க. சம்ப் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.
* லோன் எடுக்கும்போது போட்ட இன்சூரன்ஸ், கடனுக்கு மட்டுமா, வீட்டுக்குமா என்று பாருங்க. 2021 ஏப்ரல் முதல் பொது இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும்.
* பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டால், வீடு பள்ளமாகிவிடும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே அரசு உத்தரவிட்டிருக்கிறது. வேலை தொடங்கும் அன்றே கேளுங்க.

அரசு செய்ய வேண்டியது

இவ்வளவையும் வாங்குபவரே அலைந்து கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான் பிரச்சினை. விற்பவருக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் அவராகவே சொல்வார் என்று நம்பியிருக்க முடியாது. பதிவுத்துறை தளத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. அதே தெருவில் 2015-லும் 2023-லும் தண்ணி எவ்வளவு உயரம் நின்றது என்பதையும் பக்கத்திலேயே போடலாமே? அந்த மதிப்பை வைத்து வரி வாங்கும் அரசு, இந்தத் தகவலையும் தருவதுதான் நியாயம்.