எப்போது திறக்கப் போகிறீர்கள்?



செப்டம்பர் வந்தால் பிரான்சில் நம் தபால்பெட்டிகள் நிறைந்துவிடும். சூப்பர்மார்க்கெட்டுகளின் வைன் விற்பனைப் பட்டியல்கள்தான்! பிள்ளைகளின் பள்ளிச் செலவே கையைக் கடிக்கும் மாதத்தில், பளபளக்கும் பக்கங்களில் 'கிரான் க்ரூ' என்ற பெயரோடு 40 யூரோ போத்தல் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

வைனைத் தொடாத வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. பிரெஞ்சு நண்பர் விருந்துக்கு அழைத்தால் வெறுங்கையோடு போக முடியுமா?

விலையைப் பார்க்குமுன் ஒன்றை முடிவு செய்யுங்கள். இதை எப்போது திறக்கப் போகிறீர்கள்? இந்த வாரமா, கிறிஸ்மஸுக்கா, மகள் பட்டம் வாங்கும்போதா?

இந்த வாரம் என்றால் முஸ்காதே, புரோவான்ஸ் ரோசே, எளிய போஜொலே போதும். இளமையில்தான் இவற்றுக்கு ருசி. நவம்பர் மூன்றாம் வியாழன் வெளிவரும் போஜொலே நுவோவைப் பத்திரப்படுத்துவதில் அர்த்தமே இல்லை. வருடம் குறிக்காத ஷாம்பெய்னும் அப்படியே. குறைந்தது 15 மாதம் வைத்திருந்த பிறகே விற்க வேண்டும் என்பது சட்டம்; காத்திருக்கும் வேலையைத் தயாரிப்பாளர்களே முடித்துவிட்டார்கள்.

நல்ல போர்தோ சிவப்பு வைன் வேறு ரகம். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் துவர்ப்பு இளம் வைனில் நாக்கைப் பிடிக்கும். வருடங்கள் போகப் போகத்தான் அது இளகும். 2010, 2016 போன்ற சிறந்த வருடங்களின், போர்தோவின் மெதோக் பகுதி வைன்களுக்கு இந்தப் பொறுமை தேவை. 2017 ஏப்ரலில் உறைபனி திராட்சைத் தோட்டங்களைத் தாக்கியது. அந்த வருட வைன்கள் பல 2016 அளவுக்குக் காக்க வைப்பதில்லை, விலையும் பெரும்பாலும் குறைவு. இந்தக் கிறிஸ்மஸுக்கு நான் வாங்குவதானால், நல்ல தோட்டத்தின் 2017-தான்.

லேபிளில் '1855' என்று பார்த்து மயங்க வேண்டாம். மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காக, அன்றைய சந்தை விலையை வைத்து வியாபாரத் தரகர்கள் போர்தோ வைன்களுக்குப் போட்ட தர வரிசை அது. முத்தோன் ரோத்ஷில்ட் என்ற தோட்டம் 1973-இல் முதல் வகுப்புக்கு ஏறியதைத் தவிர இன்றுவரை பெரிய மாற்றமில்லை. உங்கள் போத்தல் குடிக்கத் தயாரா என்பதை அது சொல்லாது.

சரி, எங்கே வைப்பது? நம் வீடுகளில் நல்ல போத்தலுக்கு இடம் ஷோகேஸ்! விளக்கு வெளிச்சத்தில், ஹீட்டருக்குப் பக்கத்தில், நிமிர்ந்து நிற்கும். அதற்கு வேண்டியது இருட்டும் ஏறி இறங்காத 12 டிகிரி குளிர்ச்சியும். தக்கை காயாமலிருக்கப் போத்தலைப் படுக்க வைக்க வேண்டும். அடுக்குமாடியின் நிலவறை உங்களுக்கு இருந்தால் நல்லது. ஆனால் சூடாக்கும் குழாய்கள் அதன் வழியாகப் போகின்றனவா என்று பாருங்கள். இப்படி ஓர் இடம் இல்லையா? சேமிக்கும் ஆசையை விட்டு, குடிக்கத் தயாரானதையே வாங்குங்கள். அதில் என்ன குறைச்சல்?

 

நிலவறை உள்ளவர்கள் ஒரே வைனில் ஆறு போத்தல் வாங்கினால், சில வருடம் கழித்து ஒன்றைத் திறந்து பாருங்கள். துவர்ப்பு இன்னும் முரண்டு பிடித்தால் மற்ற ஐந்தும் அங்கேயே கிடக்கட்டும். இளகிவிட்டதென்றால் வரும் ஞாயிற்றுக்கிழமையே விருந்தினரை அழைத்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்