"போனா போவுது" என்று விட்டுவிடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் காசிப் பயணம் நின்றுபோனது உங்களில் பலருக்குத் தெரியும். விசாரித்து போன் செய்தவர்கள், நேரில் வந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "போனா போவுது டீச்சர், உயிர் பொழைச்சதே பெருசு." அன்பால் சொன்னது என்று தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நடந்தது இதுதான். நானும் வீட்டுக்காரரும், நாத்தனாரும் அண்ணனும் ஆக நாலு பேர், ஒரு டிராவல்ஸ் மூலமாகக் காசி, கயா, பிரயாக்ராஜ், அயோத்தி போக ஏற்பாடு செய்திருந்தோம். தலைக்கு 38,500 ரூபாய். நாலு பேருக்கு 1,54,000. புறப்பட ஆறு நாள் இருக்கும்போது, பேங்கிலிருந்து வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய ஒரு கார் எங்களை இடித்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு வலது கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். "அண்ணன் ஆஸ்பத்திரில கெடக்கும்போது நாங்க மட்டும் எப்படிப் போவோம் மைனி" என்று நாத்தனாரும் நின்றுவிட்டார்.

அன்று சாயந்திரமே காரை ஓட்டிய பையனின் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நம்ம ஊர்க்காரர்தான், பழகியவர்தான். "தெரியாம நடந்துட்டு டீச்சர். இந்த அஞ்சாயிரத்தை வச்சுக்கிடுங்க, கேஸ் கீஸ் வேண்டாம்" என்றார். சுற்றி நின்ற உறவினர்களும் "தெரிஞ்ச பையன், பாவம்" என்றார்கள்.

அந்த இடத்தில்தான் நம் மக்கள் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. எதற்காக? வண்டி யாரையாவது இடித்தால், அடிபட்டவருக்கு உரிய பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பையனின் அப்பா வருஷா வருஷம் பிரீமியம் கட்டியது இந்த ஒரு நாளுக்காகத்தான். லைசென்சும் இன்சூரன்சும் சரியாக இருந்தால், நாம் கேட்கும் நஷ்டஈடு அவர் சட்டைப் பையிலிருந்து போவதில்லை. பையன்மீது வழக்கு வரும் என்பது உண்மைதான். அதற்காக நான் வருத்தப்பட்டேன். ஆனால் போலீசில் பதிவாகாத விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு ஜெயிப்பது மிகவும் கஷ்டம். இதையெல்லாம் அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அஞ்சாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரும் கோபப்படவில்லை. இன்சூரன்ஸ் காகிதத்தின் நகலை அவரே கொண்டுவந்து தந்தார்.

அடுத்தது டிராவல்ஸ். "ஏழு நாளைக்குள்ள கேன்சல் பண்ணினா ஒரு பைசா கிடையாது, ரசீதுக்குப் பின்னாடி போட்டிருக்கு பாருங்க" என்றார்கள். போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அச்சடித்துவிட்டால் எல்லாம் சட்டமாகிவிடாது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை போட்டிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், போட்டிருக்கும் தொகை அதற்கு உச்சவரம்புதான் என்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனியாக ஒரு விளக்கமே இருக்கிறது.

நான் சண்டைக்குப் போகவில்லை. டாக்டர் சீட்டின் நகலோடு ஒரு கடிதம் எழுதினேன். "38,500 ரூபாயில் எது எதற்கு எவ்வளவு, அதில் நீங்கள் உண்மையில் செலவழித்தது எவ்வளவு என்று தயவுசெய்து எழுத்தில் தாருங்கள்." இவ்வளவுதான் கேட்டேன். பத்து நாளில் கணக்கு வந்தது. விமானம் 17,200, தங்கும் இடம் 9,000, சாப்பாடு 4,500, அங்கே சுற்றும் பஸ் 4,300, அவர்கள் சேவைக் கட்டணம் 3,500.

கணக்கு டீச்சரிடம் கணக்கு வந்தால் விடுவேனா? சாப்பாடு நாங்கள் சாப்பிடவே இல்லை, சமைக்கவும் இல்லை. அதில் 18,000 திரும்ப வர வேண்டும். விமான டிக்கெட் திரும்பப் பெற முடியாத வகைதான். ஆனால் அப்படிப்பட்ட டிக்கெட்டிலும், பயணம் செய்யாவிட்டால் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. அது தலைக்கு 2,150 வீதம் 8,600. தங்கும் இடத்துக்கு முன்பணமாகப் பாதிதான் கட்டியிருந்தார்கள். மீதிப் பாதி 18,000. ஆக 44,600 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். பஸ் நாங்கள் இல்லாவிட்டாலும் ஓடியிருக்கும். சேவைக்கு அவர்கள் உழைத்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் நான் கேட்கவில்லை. கேட்பதும் நியாயமில்லை.

"தரமாட்டேன்" என்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டாலே சில நிறுவனங்கள் வழிக்கு வந்துவிடுகின்றன.

மீதி 1,09,400 ரூபாய் நஷ்டம் நஷ்டம்தான். அதில் எங்கள் இருவர் பங்கு 54,700. இதை ஆஸ்பத்திரி பில்களோடு சேர்த்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவில் போட்டிருக்கிறோம். வைத்தியச் செலவு மட்டும்தான் கேட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1995-இல் ஹட்டங்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டு வகைகளைப் பிரித்துச் சொன்னபோது, வைத்தியச் செலவு, வருமான இழப்பு இவற்றோடு "மற்ற பொருள் இழப்பு" என்பதையும் சேர்த்தது. நின்றுபோன பயணத்தின் பணம் அதில் வரும் என்பது எங்கள் வாதம். தீர்ப்பாயம் ஏற்குமா என்பது விசாரணையில்தான் தெரியும். ஆனால் மனுவில் கேட்டால்தானே அதைப் பற்றிப் பேசவே முடியும்?

நாத்தனார் பங்கை மனுவில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு அடிபடவில்லை. பாசத்தால் நின்றவர்களுக்கு அந்தக் காரின் இன்சூரன்சில் பணம் கேட்பது எளிதில் நிற்காது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் பயண ரத்து இன்சூரன்ஸ் இருக்கிறது. நெருங்கிய உறவினர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்கூட அதில் பணம் தரும் பாலிசிகள் உண்டு. ஆனால் நெருங்கிய உறவு என்றால் யார் யார், எத்தனை மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துப் பாருங்கள்.

"இன்சூரன்ஸ் உண்டு" என்ற ஒரு வரியை வைத்து நிம்மதி அடையாதீர்கள். எங்கள் டிராவல்ஸ் நோட்டீசிலும் அந்த வரி இருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தால், பயணம் தொடங்கிய பிறகு நடக்கும் விபத்துக்கு மட்டும்தான். ரயில் டிக்கெட்டோடு 45 பைசாவுக்கு எடுக்கும் இன்சூரன்சும் அப்படித்தான். ரயிலில் விபத்து நடந்தால் உதவும். வீட்டு வாசலில் கால் உடைந்து பயணம் நின்றால் உதவாது. நியாயமான கிளெய்மை இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தால், ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். நமக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர், "டீச்சர், நீங்களும் ரெண்டு நாள் அட்மிட் ஆன மாதிரி ஒரு சீட்டு வாங்கிருங்க, தொகை கூடும்" என்று யோசனை சொன்னார். நல்ல மனிதர்தான், நமக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் ஒரு பொய்ச் சீட்டு உள்ளே போனால், நம்முடைய உண்மையான ஐம்பது சீட்டுகளையும் எதிர்த்தரப்பு வக்கீல் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அதோடு, இப்படிப் பொய் மனுக்கள் போடுகிறவர்களால்தான் உண்மையில் அடிபட்டவன் வருஷக்கணக்கில் கோர்ட் வாசலில் நிற்கிறான். இழந்ததை முழுதாகக் கேளுங்கள், இழக்காததில் ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் நியாயம்.

"இத்தனை அலைச்சல் தேவையா, பென்ஷன் வருதுல்லா" என்று தம்பி கேட்டான். எங்களுக்குப் பென்ஷன் வருகிறது, சரி. நம் வகுப்பில் படித்தவர்களில் ஆட்டோ ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப்போக நினைத்த ஒருத்திக்கு இதே மாதிரி நடந்தால்? படித்த நாமே "போனா போவுது" என்று விட்டால், அவள் கேட்கும்போது "டீச்சரே கேக்கல, உனக்கென்ன" என்பார்கள். கேட்பது பேராசை என்ற பேச்சை நம் ஊரில் மாற்ற வேண்டும் என்றுதான் நான் அலைகிறேன்.

எனவே, யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது, நடந்துவிட்டால் இவற்றை மறக்காதீர்கள்:

1. முதலில் வைத்தியம். அடுத்து போலீசில் புகார். ரோட்டோரத்தில் பணம் வாங்கிக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. பயணம் நடக்காது என்று தெரிந்த அன்றே டிக்கெட், ரூம், வண்டி எல்லாவற்றையும் எழுத்தில் ரத்து செய்யுங்கள். வீட்டில் ஒருவரிடம் இந்த வேலையை மட்டும் ஒப்படையுங்கள். நாள் ஆக ஆகப் பிடித்தம் கூடும். "ஏன் தாமதித்தாய்" என்ற கேள்வியும் வரும்.

3. டாக்டர் சீட்டில், இத்தனை நாள் பயணம் செய்யக் கூடாது என்று தேதியோடு எழுதி வாங்குங்கள்.

4. தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் இடத்திலும் போடலாம்.

5. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கும் வக்கீலிடம் போகாதீர்கள். அப்படிக் கேட்பது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

டிராவல்சுக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், பெயரையும் தேதியையும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்களில் வக்கீலாக இருப்பவர்கள் நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள்.

வீட்டுக்காரர் இப்போது வாக்கர் பிடித்துத் திண்ணை வரை வருகிறார். காசி எங்கேயும் போய்விடாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்