முட்டிக்காலும் மூக்குத்திப் பூவும்

பங்குனி பிறந்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு காரியம் நடக்கும். ஏரித் தண்ணீர் உள்வாங்கும்; புங்கமரத்தடி வெளுக்கிற அளவுக்குப் பூ கொட்டும். வசந்தம் என்பதற்கு வேறு அறிகுறி இங்கே கிடையாது. ஆனால் பூப்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மே மாதம் வரை காத்திருந்து ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போகிறார்கள். தொட்டியில் வரிசைகட்டி நிற்கும் பூக்களைப் பிடித்துவந்து காட்டுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கும். எனக்குத்தான் நாலாவது படத்தில் கொட்டாவி வந்துவிடும்.

உத்திரமேரூருக்கும் கேமராவோடு ஆட்கள் வராமல் இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகளைத் தேடி வருகிறார்கள். குடவோலை எல்லோருக்கும் தெரியும். அதே கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்று இருப்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஏரிக்கு ஆறு, தோட்டத்துக்குப் பன்னிரண்டு! செடிகொடி மேல் கிறுக்குப் பிடித்தவனுக்கு இந்தக் கணக்கில் ஓர் அற்ப சந்தோஷம். வந்தவர்கள் சுவரை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுவார்கள். பல்லவர் காலத்து வைரமேக தடாகம், நம் பெரிய ஏரி, பக்கத்திலேயே கிடக்கிறது. அதற்குள் இறங்குகிறவர் யாரும் இல்லை.

இறங்கினாலும் நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. இங்கே வெயிலில் பூப்பவற்றில் பாதி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. முட்டி போட வேண்டும். தண்ணீர் வற்றிய ஈர விளிம்பில் பொடுதலை படர்ந்திருக்கும். அதன் கொண்டையில் பூக்கள் அடியிலிருந்து மேலாக வளையம் வளையமாகத் திறக்கும். புதுப் பூவின் தொண்டையில் மஞ்சள்; பழசாக ஆக ஊதா ஏறும். ஒவ்வொரு பூவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். கரைமேல் ஏறினால் விஷ்ணுகிராந்தி. காலையில் விரியும் அந்த நீலம் மதியத்துக்குள் சுருண்டுவிடும். வழியெல்லாம் மூக்குத்திப் பூ. பையன்கள் தாத்தா தலை என்று சொல்லி விரலால் சுண்டித் தெறிக்கவிடும் பூதான். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து வரப்பையும் சாலையோரத்தையும் பிடித்துக்கொண்ட செடி. ஒற்றைப் பூ என்று நாம் நினைப்பது ஒரு கூட்டம். ஓரத்தில் வெளிறிய ஐந்தாறு பூ, நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு மஞ்சள் பூக்கள். ஓரத்துப் பூவின் நுனியில் மூன்று பல் இருப்பதை லென்ஸ் வைத்த பிறகுதான் பார்க்கலாம்.

ஏரிக்குள் மண்டிபோட்டுக் கிடந்த என்னிடம் ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருவர் கேட்டார்: “இன்னாப்பா தொலைச்சிட்ட?”

“ஒண்ணும் தொலைக்கல ஆயா, பொடுதலையப் படம் புடிக்கிறேன்.”

“அத்த அரைச்சித் தலைக்குத் தேச்சா பொடுகு போவும். படம் புடிச்சா இன்னா போவும்?”

பதில் யோசிப்பதற்குள் அவருடைய ஆடு நான் குறிவைத்திருந்த கொண்டையைத் தின்றுவிட்டது.

கருவி என்ன வேண்டும் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். செல்போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொடங்க அது போதும். கேமரா இருந்தால் பழைய 50 எம்.எம். லென்ஸை ரிவர்ஸ் ரிங் போட்டுத் தலைகீழாக மாட்டலாம். 100 எம்.எம். மேக்ரோ லென்ஸ் சௌகரியம்தான். ஆனால் பூவை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் பதிக்கிற நெருக்கத்தில், எஃப் 11 வைத்தாலும் துல்லியமாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். மூச்சு விட்டால் போயிற்று. வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பதைவிட உடம்பை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பிடிப்பது மேல். காற்றடித்தால் ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் ஊன்றிக் காம்பை நூலால் தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை வேட்டியை மேலே ஒருவர் பிடித்தால் போதும். கடையில் விற்கும் டிஃப்யூசர் செய்வதும் அதே வேலைதான்.

எதற்காகக் கிட்டப் போகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை. பின்னணி முழுக்கக் கலங்கி, ஓர் இதழின் விளிம்பு மட்டும் தெரியும் படங்களுக்குத்தான் லைக் குவிகிறது. என்ன பூ என்றே தெரியாத பூப்படம். பூ என்ன செய்கிறது என்று பார்க்க முடியாவிட்டால் கிட்டப் போவானேன்?

கேமரா பரவும் முன்பே இதைக் கையால் செய்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். மதராஸ் ராஜதானியில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட்டுக்காகச் செடிகளை வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை மதராஸில் அச்சாகி வந்த வைட்டின் ஆறு தொகுதிகளில் 2101 படங்கள். கிளை ஒன்று பெரிதாக இருக்கும். ஓரத்தில் பூவைப் பிரித்து மகரந்தத்தாள் தனியாக, சூலகம் தனியாக, உருப்பெருக்கி வரைந்திருக்கும். கிளையை விட்டுவிட்டு அந்த ஓரத்துப் படங்களையே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அதை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், பெயர் போய்விட்டது.

பறித்துவந்து வீட்டில் நிதானமாக எடுக்கலாமே என்பவர்கள் உண்டு. ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் அப்படித்தான் செய்தார். வெறும் பின்னணியில் மொட்டையும் தண்டையும் வைத்து, தானே செய்த கேமராவில் பல மடங்கு பெரிதாக்கி எடுத்த படங்கள் 1928-இல் நூலாக வந்து அவரைப் புகழேற்றின. அவர் கலைப்பள்ளி ஆசிரியர்; தேடியது வடிவம். பறித்த பூவுக்கு வண்டு வராது. அதனால் அந்த வழி எனக்கு உதவாது. பாட்டிலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பனித்துளி என்று போடுவதை மட்டும் மன்னிக்கவே முடியாது. சித்திரை நண்பகலில் பனியா?

தோட்டத்துப் பூக்களில் மல்லி வேடிக்கையானது. மல்லித் தோட்டத்தில் மலர்ந்த மல்லியைக் காண்பது அரிது. விடியும்போதே மொட்டாகப் பறித்துவிடுவார்கள், மலர்வது கூந்தலில்தான். செடியில் விரிந்து நிற்பது கைதவறிய ஒன்றிரண்டு. அதை ரசித்துப் படமெடுத்தால் தோட்டக்காரர் முகம் சுளிப்பார். அவருக்கு அது நஷ்டம். வேப்பம்பூவில் அந்தச் சங்கடம் இல்லை. வருஷப்பிறப்புப் பச்சடிக்கு வேட்டி விரித்து உலுக்குகிறோமே, அதில் ஒன்றை மரத்திலேயே பாருங்கள். ஐந்து இதழுக்கு நடுவே வெள்ளைக் குழல் ஒன்று நிற்கும். அதன் வாய்க்குள் பத்து மகரந்தப் பைகள்.

வரப்புப் பூக்கள் குறைந்து வருகின்றன. களைக்கொல்லி அடித்த வாரத்தில் தும்பை, மூக்குத்தி எல்லாம் கருகிவிடும். களையெடுக்க ஆள் கிடைக்காத விவசாயியிடம் போய்ப் பூவுக்காகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கொன்றைக்கு அந்தப் பயம் இல்லை. சித்திரையில் தாழ்ந்த கிளை ஒன்றைப் பார்த்து வையுங்கள். பூவில் பத்துத் தாள்கள் இருக்கும்: மூன்று நீண்டு வளைந்தவை, நான்கு குட்டை, மூன்று இருப்பதே தெரியாத அளவு பொடி. பெரிய கருவண்டு குட்டைத் தாள்களைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவிடும். ரீங்காரம் மாறுவது காதுக்கே கேட்கும். அப்போது நீண்ட தாள்களின் தூள் அதன் உடம்பில் ஒட்டுகிறது. குட்டையில் கிடைப்பது வண்டுக்குக் கூலி. நீண்டதில் ஒட்டுவது பூவின் சரக்கு. ஒரு பூவில் அது சில விநாடிதான் நிற்கும். ஷட்டரை 500-இல் ஒரு விநாடிக்குக் கீழே இறக்காதீர்கள். ஐ.எஸ்.ஓ. ஏறிப் படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் வரட்டும். மூன்று தாளும் வண்டும் ஒரே சட்டத்தில் விழுந்தால் அனுப்பி வையுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.