கல் சொல்வதைப் பலகையும் சொல்லட்டும்

புதுக்கோட்டையிலிருந்து காலையில் கிளம்பினால் சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், நார்த்தாமலை நான்கையும் இருட்டுவதற்குள் பார்த்துவிடலாம். இப்படி ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்ப்பதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறையில்லை. விடுமுறை கிடைப்பதே ஒரு நாள்தான். என் வருத்தம் வேறு. வருகிறவர்கள் தமிழர்கள், கல்லில் வெட்டியிருப்பதும் பெரும்பாலும் தமிழ். இருந்தும் ஒரு வரிகூட அவர்களை எட்டுவதில்லை. எழுத்து வடிவம் மாறிவிட்டதால், கல் சொல்வதை இன்றைய தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பலகை வேண்டும். தொல்லியல் சின்னங்களில் நாம் பார்க்கும் பலகைகளோ பெரும்பாலும் நூற்றாண்டு, அரச மரபு, சேதப்படுத்தினால் தண்டனை என்ற அளவோடு நின்றுவிடுகின்றன.

நார்த்தாமலையில் சதுரச் சுவருக்குள் வட்டக் கருவறை வைத்துக் கட்டிய அபூர்வமான கோயிலின் பெயர் விசயாலய சோழீச்சுரம். பெயரைக் கேட்டதும் சோழன் கட்டியது என்று தீர்மானித்துவிடுகிறோம். அங்குள்ள கல்வெட்டோ, சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் எடுத்த கற்றளி மழையில் இடிய, மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தான் என்கிறது. சாத்தன் பூதி முத்தரையர் குலத்தவன். பேரரசர் பெயருக்குப் பின்னால் மறைந்துபோன இந்த இருவரையும் கல் மறக்கவில்லை; நாம்தான் கேட்காமல் இறங்கி வருகிறோம். சித்தன்னவாசலிலும் இதே கதை. கூரையில் தீட்டிய தாமரைக்குளத்தை அண்ணாந்து பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இளங்கௌதமனைத் தெரியும்? 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் காலத்தில், அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த மதுரை ஆசிரியர் அவர். கொடும்பாளூர் மூவர் கோயிலில் இரண்டு விமானங்களே நிற்கின்றன. பூதி விக்கிரமகேசரி தனக்கும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியருக்குமாக மூன்று எழுப்பினான் என்று கல்வெட்டு சொல்வது தெரிந்தால்தான், பக்கத்தில் கிடக்கும் வெற்று அடித்தளம் கண்ணில் படும். தெரியாதவருக்கு அது உட்கார்ந்து சாப்பிட வசதியான திண்ணை.

கையில் செல்போன் இருக்கும்போது பலகை எதற்கு என்று கேட்கலாம். தேடுவதற்கு முதலில் ஒரு பெயர் தெரிய வேண்டுமே. மல்லன் விடுமனைக் கேள்விப்படாதவர் எதைத் தட்டித் தேடுவார்? சுற்றுலா வருகிறவர்கள் படிக்கமாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். ஆண்டுகளை அடுக்கினால் படிக்கமாட்டார்கள்தான். மழையில் இடிந்த கோயிலை ஒருவன் மீட்டுக் கட்டினான் என்று இரண்டு வரியில் சொன்னால் பத்து வயதுப் பிள்ளையும் நின்று படிக்கும்.

அறிஞர்களிடையே ஒத்த கருத்தில்லையே என்ற தயக்கத்தில்தான் நியாயம் இருக்கிறது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் அமைந்தது. அதை மகேந்திரவர்மப் பல்லவனோடு சேர்த்துப் பேசுவது நெடுநாள் வழக்கம். பின்னால் வந்த ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. இரண்டையும் பலகையில் எழுதலாம். கல்வெட்டு தரும் செய்தி இது, ஆய்வாளர் ஊகம் இது என்று பிரித்துக் காட்டினால் போதும். புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளின் மூல பாடத்தை 1929இலேயே நூலாக அச்சிட்டுவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் நாலு வரி எடுத்து எழுதும் வேலைதான் பாக்கி.