விடைக்கு உரியவர் யார்?

தேர்வுக்கூடத்தை விட்டு வெளியே வரும் மாணவன் முதலில் தேடுவது சோற்றையுமன்று, தண்ணீரையுமன்று. பக்கத்தில் வருபவனின் தோளைப் பற்றி, "அந்த வினாவுக்கு நீ என்ன போட்டாய்?" என்று கேட்பான். அவன் சொல்லும் விடையும் தன் விடையும் ஒன்றானால் முகம் மலரும், வேறானால் நாவறளும். இளமைக்கே உரிய இந்தப் பதைப்பைக் கண்டு புன்னகைத்துவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் மருத்துவக் கல்லூரிக்கான "நீட்" நுழைவுத்தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 சேரும், தவறான விடைக்கு 1 குறையும். ஒரே வினாவில் 5 மதிப்பெண் மேலும் கீழும் புரளும் தேர்வு இது. அங்கே விடையை ஒப்பிடுவது விளையாட்டாகுமா, தோழர்களே?

ஒப்பிடுவோரும் ஒரே வகையினர் அல்லர். பெருந்தொகை கட்டிப் பயிற்சி நிலையத்தில் படித்தவனுக்கு அன்றிரவே ஆசிரியர் கூட்டம் விடைக்குறிப்பைத் தயாரித்துத் தந்துவிடும். நம் கரிசல் காட்டுப் பிள்ளையோ, தூத்துக்குடியிலோ நெல்லையிலோ தேர்வெழுதிவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பும் பேருந்தில், தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையுடன் ஒப்பிடுகிறது. தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். தந்தை புரட்டாசி மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் விதைக்கிறவர். இருவர் விடையும் வேறுபட்டால் தீர்ப்புச் சொல்ல அந்த வீட்டிலும் ஆளில்லை, அந்தத் தெருவிலும் ஆளில்லை.

2018-ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழகத்தில் போதிய தேர்வு மையங்கள் இல்லையென்று கூறி, நம் மாணவர் பலரை எர்ணாகுளத்துக்கும் இராஜஸ்தானத்துக்கும் விரட்டிய ஆண்டு அது. அவ்வாண்டு 24,000-க்கும் மேற்பட்டோர் தமிழில் தேர்வெழுதினர். தமிழையும் ஆங்கிலத்தையும் வரிவரியாக ஒத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை! சிறுத்தை என்றிருக்க வேண்டிய இடத்தில் "சீத்தா" என்று அச்சிட்டிருந்தார்கள். கரிசல் பிள்ளைக்குச் சீத்தா என்றால் மரத்தில் தொங்கும் பழந்தானே நினைவுக்கு வரும்! காட்டில் பாயும் விலங்கைக் கனியாக்கிக் காட்டிய புலமையை எந்தப் பல்கலைக்கழகம் பாராட்டுமோ, நாமறியோம்.

மாநிலங்களவை உறுப்பினராயிருந்த டி. கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். 2018 ஜூலை 10 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிழையான 49 வினாக்களுக்கும் நான்கு வீதம், தமிழில் எழுதியோர்க்கு 196 மதிப்பெண் வழங்குமாறு ஆணையிட்டது. பத்தே நாளில் உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது; நவம்பரில் அந்த ஆணையையே நீக்கிவிட்டது. தவறாக எழுதியவனுக்கும், எழுதாமலே விட்டவனுக்கும் சேர்த்து மதிப்பெண் வாரி வழங்குவது முறையன்று என்பது உச்சநீதிமன்றத்தின் வாதம். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். 196 மிகையென்றால், உரிய அளவு எவ்வளவு? அதைக் கணக்கிட்டுத் தந்தவர் யார்? ஒருவருமில்லை. பிழை செய்தவர் பதவியில் இருந்தார். பிழையைப் படித்தவன் வீட்டில் இருந்தான்.

"பக்கத்திலேயே ஆங்கிலம் அச்சாகியிருந்ததே, ஐயமிருந்தால் அதைப் பார்ப்பதுதானே?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. ஆங்கில வடிவமே இறுதியானது என்று விதியும் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதலாம் என்று அழைத்து, தமிழை நம்பாதே என்று அடிக்குறிப்புப் போடுவதற்குப் பெயர் உரிமையா? ஒரு நிமிடத்துக்கு ஒரு வினா என்று ஓட வேண்டிய தேர்வில், இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்து எது பிழை என்று துப்பறியும் வேலையை ஆங்கிலவழி மாணவனுக்கு எவரேனும் வைத்தார்களா?

2024-இல் நடந்தது இன்னொரு வேடிக்கை. ஓர் இயற்பியல் வினாவுக்கு இரண்டு விடைகளும் சரியென்று தேசியத் தேர்வு முகமை மதிப்பெண் தந்தது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்பது அவ்வினாவில் இருந்த ஒரு கூற்று. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் சிதைகின்றனவே; ஆகவே அது தவறு. ஆனால் மத்திய பாடநூலின் பழைய பதிப்பு அதைச் சரியென்றே கற்பித்திருந்தது. உச்சநீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி. வல்லுநர் மூவரைக் கேட்டு, ஒரே விடைதான் சரியென ஜூலை 23 அன்று முடிவு செய்தது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தலா 5 மதிப்பெண் இழந்தனர். முழு மதிப்பெண் பெற்றிருந்த 61 பேர் 17 பேராகச் சுருங்கினர்.

இயற்பியலில் உண்மை ஒன்றுதான். அதில் நமக்குச் சண்டையில்லை. பழைய பதிப்பைப் படிப்பவன் எவன் என்பதே நம் கேள்வி. அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பியும், அவனிடமிருந்து அடுத்த வீட்டுப் பெண்ணும் வாங்கிப் படிப்பது நம் ஊர் வழக்கம். அட்டை கிழிந்தால் பழுப்புத்தாள் ஒட்டிப் படிக்கிறார்கள். புத்தகம் எழுதியவர் செய்த பிழைக்கு, புதுப் புத்தகம் வாங்க இயலாதவன் அபராதம் கட்டினான்.

நீதிபதி ஏ. கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையைப் பாருங்கள். "நீட்" வருமுன் தமிழகத்து மருத்துவ இடங்களில் தமிழ்வழி மாணவர் பங்கு நூற்றுக்கு 14-க்கு மேல். வந்தபின் 2 அளவுக்கு வீழ்ந்தது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு செய்திராவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் நிலை என்னவாகியிருக்கும்? 1984 முதல் இருந்த நம் மாநில நுழைவுத்தேர்வையே 2007-இல் சட்டமியற்றி ஒழித்தவர்கள் நாம். "நீட்" விலக்குக்காகச் சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதென்று 2025-இல் செய்தி வந்தது. அந்தப் போராட்டம் தொடரும்.

அதுவரை, தேர்வெழுதும் பிள்ளையைத் தனியே விடலாகாது. விடைக்குறிப்பை மறுக்கச் சில நாட்களே தவணை தருகிறார்கள். ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டணம் என்று கேட்டிருக்கிறார்கள், அதுவும் திரும்பாத பணம். 49 பிழைகளும் வெளிவந்தது யாரோ சிலர் உட்கார்ந்து ஒத்துப் பார்த்ததால்தான். அந்த வேலையை நாம் ஏன் செய்யக் கூடாது? கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் கிளைத் தோழர்கள் தேர்வு நாளன்று மாலையே படிப்பகத்தைத் திறந்து வையுங்கள். தமிழாசிரியர் ஒருவரையும், மருத்துவம் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் அழைத்து, இரு மொழி வினாக்களையும் ஒத்துப் பாருங்கள். பிழை கண்டால் வினா எண்ணோடு எழுதி, மறுநாளே மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கட்டணத்துக்கு உண்டியல் குலுக்குவோம்.